மாப்பிள்ளை நெற்றியில் இருந்த திருநீறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

கள்ளக்குறிச்சி
11-11-87

அன்பு மகன் அன்வர் பாட்சாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், சவுதியில், தம்மாமில் நீயும் அப்படியே இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிஸ்மில்லாவுக்குப் பதிலாக மேலே 786 என்று எண் போடக் கூடாது என்று போன தடவை கண்டித்திருந்தாய், அதனால் இந்தத் தடவை முழுசாகவே எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். இங்கே ஒரு வாரமாக விட்டுவிட்டு மழை, கூடத்தில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. தீபாவளித் துணி தைத்த அலுப்பு அத்தாவுக்கு இன்னும் தீரவில்லை, கழுத்து வலி என்கிறார், ஆனால் மிஷினை விட்டு எழுந்திருப்பதில்லை. உன் அக்கா ஜைத்தூனுக்கு ஆறு மாதம் முடியப் போகிறது. முகம் வெளுத்திருக்கிறது, வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. தம்பி வரும்போது கோடாலித் தைலம் நாலு பாட்டில் கொண்டுவர வேண்டுமாம், எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். மாப்பிள்ளை மஸ்தான் உனக்கு சலாம் சொன்னார், மலைக்குப் போக நல்ல டார்ச் லைட் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அவர்கள் இப்படி வெள்ளை மனதோடு கேட்டுக்கொண்டிருக்க, நீ அனுப்பிய இன்னொரு காகிதம் என் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் கிடக்கிறது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை அன்வர்.

பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லியிடம் கொடுக்கச் சொல்லித் தனியாக மடித்து வைத்திருந்தாயே, அதை நான் கொடுக்கவில்லை. படித்தேன். மஸ்தான் காஃபிர் ஆகிவிட்டார், அக்காவோடு அவருக்கு நடந்த நிக்காஹ் முறிந்துவிட்டது, அவர் மௌத்தானால் நம் கபர்ஸ்தானில் அடக்கம் செய்ய இடம் கொடுக்கக் கூடாது, ஜமாத் இதை அறிவிக்க வேண்டும், இவ்வளவும் உன் கையெழுத்தில். இந்த மாதம் முடிவதற்குள் நான் கொடுக்காவிட்டால் நீயே நேராகத் தபாலில் அனுப்பிவிடுவதாக மிரட்டல் வேறு. முத்தவல்லியை உனக்குத் தெரியும். எது வந்தாலும் ஜும்மா முடிந்த கையோடு எல்லோர் முன்னாலும் படித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் யோசிப்பார். அப்படிப் படித்துவிட்டால் உன் அக்கா எங்கே போவாள், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஊர் என்ன பேர் வைக்கும், யோசித்தாயா? அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் உனக்கும் அவருக்கும் பேச்சே இருக்காது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடி, அவர் முத்தவல்லி வீட்டுப் பக்கம் திரும்புகிறாரா என்று பார்க்கிறேன். தபாலில் போட்டால் இது உன் கைக்கு வருவதற்குள் மாதம் முடிந்துவிடும், அதனால்தான் வெள்ளிக்கிழமை தம்மாமுக்குப் புறப்படுகிற எதிர்வீட்டுப் பிள்ளையிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

பஸ் நிலையத்தில் கடை வைத்திருக்கிற உன் சினேகிதன் உனக்குப் பொய் எழுதவில்லை. மாப்பிள்ளை நெற்றி நிறையத் திருநீறும் கையில் மஞ்சள் கயிறுமாக வந்ததை அவன் கண்ணால் பார்த்தான். ஆனால் அவன் பார்த்தது மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் தன் கடை வாசலில் அரை நிமிஷம். அதற்கு முன்னால் நடந்ததை நான் சொல்கிறேன் கேள். செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன, இந்தப் பக்கமும் சாலைப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். அந்த வாரம் பார்த்து மாப்பிள்ளை வியாபாரத்துக்குக் கடுக்காய் வாங்க வெள்ளிமலைக்குப் போய் மாட்டிக்கொண்டார். பஸ் இல்லை, ஜீப் இல்லை. வழக்கமாகத் தங்குகிற சடையன் வீட்டிலேயே இருந்தார், வேளை தவறாமல் பாறைமேல் துண்டை விரித்துத் தொழுதார் என்று பிறகு சடையனே வந்து சொன்னான். நாலாம் நாள் சடையனின் சின்னப் பெண்ணுக்கு வாந்தியும் பேதியுமாகிக் கண் செருகிவிட்டது. சடையன் கால் முறிந்து கட்டோடு கிடந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு மலை இறங்க மாப்பிள்ளைதான் முன்வந்தார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கமாம், நோயாளிப் பிள்ளையை மலை எல்லையைத் தாண்டித் தூக்கிப் போகிறவர் நெற்றியில் குலசாமி திருநீறு பூசி, கையில் கயிறு கட்டாமல் பிள்ளையைக் கொடுக்கமாட்டார்களாம். சடையன் பெண்சாதி சாலம்மாள் பூசினாள், கட்டினாள், அழுதுகொண்டே பின்னால் நடந்தாள். அந்த நேரத்தில் அவர் என்ன செய்திருக்க வேண்டும், பிள்ளையைக் கீழே வைத்துவிட்டு மார்க்க விளக்கம் சொல்லியிருக்க வேண்டுமா? வழியில் மூன்று இடத்தில் மறித்தார்கள். கோபத்தோடு மரத்தை வெட்டிப் போட்டு நின்றவர்கள்கூட, யார் நீ, எங்கே போகிறாய், தோளில் என்ன என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கிளையை விலக்கி வழிவிட்டார்கள். நீ ஒரு வார்த்தை கேட்டாயா? அந்தப் பெண் பிழைத்துக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ்.

எனக்கு மட்டும் என்ன தெரியும் என்று, உன் பேரைச் சொல்லாமல் நம் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத் வீட்டுக்குப் போய்த் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவர் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். “நெத்தில இன்னா இருந்துச்சின்னே எனக்கு நெனப்பு இல்ல ஹஜ்ரத், புள்ள மூச்சு வுடுதான்னு பாத்துக்கினே, அல்லாகிட்ட கேட்டுக்கினே வந்தேன்” என்றாராம். இனிமேல் அப்படி நேர்ந்தால் அவர்கள் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள், அல்லாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஹஜ்ரத் சொல்ல, இவர் அங்கேயே அழுதிருக்கிறார். பிறகு ஹஜ்ரத் எனக்குச் சொன்னது இதுதான். “செஞ்சது தப்புன்னு நான் சொல்லலாம்மா. செஞ்ச ஆள மார்க்கத்த வுட்டு வெளிய தள்றது வேற. தெரிஞ்சி செஞ்சாரா, மனசார நம்பிச் செஞ்சாரா, வேற வழி இருந்துச்சா, எல்லாம் அவரையே உக்கார வெச்சிக் கேக்கணும். கேட்டப்புறமும் சந்தேகம் இருந்தா, அவர உள்ளதான் வெச்சிக்கணும். இத்தினி வருசம் ஓதின எனக்கே ஒருத்தர காஃபிர்னு சொல்ல நாக்கு வராது.” அந்த வார்த்தை பொருந்தாத ஆள்மேல் சொன்னால் சொன்னவர் பக்கமே திரும்பிவிடும் என்று நபிகள் நாயகம் எச்சரித்திருக்கிறார்களாம். மாப்பிள்ளையைப் பற்றிக்கூட எனக்கு இப்போது பயம் இல்லை, உன்னைப் பற்றித்தான். நீ பம்பாய்க்குப் போன அன்று கூடவே வந்து, நீ விமானம் ஏறும் நாள்வரை உன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்டேஷனில் படுத்துக் கிடந்தவர் அவர். நீ மார்க்கம் படிக்கிறாய் என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுவரை அத்தாவுக்குக்கூடச் சொன்னதில்லை. உனக்கு மூன்று வயதில் அம்மை போட்டு ஏழு நாள் கண் திறக்காமல் கிடந்தாய். பக்கத்து வீட்டு ரங்கம்மாள் மாரியம்மன் கோயில் திருநீறு கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளைக்காவது அடுத்தவர் பூசிவிட்டார்கள். உன் நெற்றியில் பூசியது என் விரல்தான். கூடாது என்று தெரிந்தே பூசினேன், பயத்தில் அறிவு நிற்கவில்லை. நீ கண் திறந்த பிறகு தொழுகை விரிப்பை நனைத்து அழுதேன், இன்றைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் இளகிய மனமும் தரட்டும். வெயிலில் தலைக்குத் துணியில்லாமல் திரியாதே, வேளைக்குச் சாப்பிடு. அக்காவுக்கு உன் கையால் தனியாக ஒரு கடிதம் எழுது. உன் காகிதத்தை நான் கிழிக்கவில்லை, இதோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். நீயே கிழித்துப் போட்டால் ஒரு தந்தி அடி, அன்றைக்குச் சாப்பிடுகிறேன். இல்லை, அனுப்பித்தான் தீருவேன் என்றால் மஸ்தான் பேருக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறாய் பார், அங்கே முதலில் என் பேரை எழுதிவிட்டு அனுப்பு.

உன் அம்மா
ஹாஜிரா பீவி