சல்லிக் கடலுக்கு மேல் வந்த அழைப்பு

அண்ணா,

இன்றைக்குச் சீனன்குடா ஓடுபாதையில் விமான எரிபொருளின் மணம் மூக்கில் ஏறியது. கரையோரத்தைப் படம் பிடிக்கும் அதே வேலை, அதே மாதிரிச் சின்ன விமானம். "ஃபோனை நிப்பாட்டுங்கோ" என்றார் விமானி.

கடைசியாக உங்களைக் கண்ட அன்று காலை குசினியில் வைத்து என்னைச் சீண்டினீர்கள். "மேலயிருந்து எனக்கு ஒரு கோல் எடு பாப்பம்."

"ஏலாது அண்ணா. மேல சிக்னல் இல்லை."

"பதிவா, தாழப் பறந்தா ஏன் ஏலாது? டவர் கரையிலதானே நிக்குது" என்றபடி புட்டை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனீர்கள். வெடி போட்டு மீன் பிடிப்பவர்கள்மேல் நீங்கள் பொலிசில் முறைப்பாடு கொடுத்து ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை.

அன்று சல்லிக் கரைக்கு மேலே தாழப் பறந்தபோது என் ஃபோன் அடித்தது. இரைச்சலுக்குள் உங்கள் குரல் கிழிந்து கிழிந்து வந்தது.

"தங்கச்சி, மேல போறது நீதானே? இடிக்கிறாங்கள்! போட்டை இடிக்கிறாங்கள்!"

யன்னலால் பார்த்தேன். உங்கள் நீலப் படகை இரண்டு படகுகள் நடுவில் வைத்து நெரித்தன. ஒருவன் இரும்புக் கம்பியோடு உங்கள் படகுக்குள் பாய்ந்தான்.

"ஆர் அண்ணா? ஆர் அது?"

அவன் பெயரைச் சொன்னீர்கள். திரும்பவும் சொன்னீர்கள். மறுபடி சொல்ல வாயெடுக்கையில் கம்பி விழுந்தது. கடலில் உங்கள் எலும்பு உடைந்த சத்தத்தை நான் ஆகாயத்தில் இருந்து கேட்டேன்.

"கீழ இறக்குங்கோ!" விமானியின் தோளில் ஓங்கி அடித்தேன். அவர் வானொலியில் கடற்படையைக் கூப்பிட்டபடியே விமானத்தைச் சரித்து இறக்கினார். அவர்கள் தலைக்கு மேலாகப் பாய்ந்தோம். அவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்து திரும்பவும் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். படகைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது. எங்கேயோ விழுந்து கிடந்த உங்கள் ஃபோனிலிருந்து, "கிட்ட வராத... விழுந்திடுவாய்" என்று கேட்டது. அதற்குப் பிறகு நீங்கள் கதைக்கவில்லை. கடற்படை வந்தபோது அவர்கள் உங்களை வலையில் சுற்றிக் கடலில் தள்ளிவிட்டு ஓடியிருந்தார்கள்.

நீதிமன்றத்தில் அவனுடைய சட்டத்தரணி சிரித்தார். "பறக்கிற விமானத்தில ஃபோன் வேலை செய்யாது. பெயரைப் பிறகு நீங்களே சோடிச்சிருக்கிறியள்."

"என்ர காதால கேட்டனான்" என்றேன்.

தொலைபேசிக் கம்பனியின் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். டவர்கள் நிலத்தைப் பார்த்துத்தான் அலையை அனுப்பும், வெகு உயரத்தில் வேகமாகப் போகும் விமானத்தில் சாதாரண ஃபோன் பெரும்பாலும் எடுபடாது என்று அவர் முதலில் சொன்னார். பிறகு சொன்னார்: "கரையோரமா, பதிவா, மெதுவாப் பறந்தால் கிடைக்கும். அண்டைக்கு அந்த அழைப்புக் கிடைச்சிருக்கு, எங்கட கணினியில இருக்கு."

குற்றவாளி என்று தீர்ப்பானது. கூட்டிக்கொண்டு போகையில் அவன் என்னைப் பார்த்துத் துப்பினான். பாய்ந்து முகத்தைக் கிழித்திருப்பேன். அம்மா என் சேலைத் தலைப்பை விடவில்லை.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அண்ணா. இறைச்சிக் கடையில் கத்தி எலும்பில் விழும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். யார் கோல் எடுத்தாலும் நான் முதலில் ஃபோனை வைப்பதில்லை. கதைத்து முடிந்தாலும் காதில் வைத்தபடியே இருப்பேன்.

"என்னடி, இன்னும் லைனில நிக்கிறியா?" என்பார் அம்மா.

"ஓம் அம்மா. நிக்கிறன்."