கிளியின் வைத்தியச் செலவு

அன்புள்ள தங்கச்சி,

கஜானிக்குக் கிளி வாங்க ஒரு வருடமாகக் காசு சேர்த்தோம். கூட்டுக்கு, தீனிக்கு, அதற்கு வருத்தம் வந்தால் அனலைதீவிலிருந்து படகேற்றி வைத்தியரிடம் கொண்டுபோக. அந்த வைத்தியக் காசை எடுத்துத்தான் போன கிழமை என் மார்பிலுள்ள கட்டியைக் காட்டினேன். முடிவு வியாழன் வரும். அவளுக்குச் சொல்லவில்லை.

நேற்றுச் சிரித்தாள். "அம்மா, கிளி இருபது வருசம் இருக்குமாம். நீங்கள் ஏசுற மாதிரியே என்னை ஏசுமாம்!"

நான் இல்லாத வீட்டில் அது என் குரலில் அவளைக் கூப்பிட்டால்?

சகுனம் பார்க்கிறவள் அல்ல நான். ஆனாலும் பயமாக இருக்கிறது. அப்படியே கூப்பிட்டாலும் கூப்பிடட்டும்; மிச்சக் காசில் கிளியை இப்போதே வாங்கப்போகிறேன். நீயும் வந்து எங்களோடு நில். அது உன் குரலையும் பழகட்டும்.

அக்கா