இரண்டாவது தட்டை நிறுத்த வேண்டாம் என்று கேட்டு

தொரே, கூட இருங்க.

அனுப்புநர்:
உ. ரெங்கம்மா (வயது 54),
காலஞ்சென்ற உதயசூரியன் மனைவி,
சொந்த ஊர்: கட்சால் தீவு,
இப்போது இருப்பது: சரசு வீடு, டாலிகஞ்ச், போர்ட் பிளேர்.

பெறுநர்:
உயர்திரு மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
கரையோர அரசு மருத்துவமனை,
போர்ட் பிளேர்.

பொருள்: ஆண்கள் பொது வார்டில் நோயாளிக்குத் துணையிருப்பவருக்குக் கொடுக்கும் இரண்டாவது தட்டையும், புதிய பணியாளர்களுக்கு நடக்கும் தட்டுப் பாடத்தையும் நிறுத்திய உத்தரவைத் திரும்பப் பெறக் கேட்பது தொடர்பாக.

பார்வை: 9.10.2025 அன்று வார்டு பலகையில் ஒட்டிய சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மனுவின் தலையில் பிள்ளையார் சுழியோ சாமி பெயரோ போடுவது வழக்கம். நான் என் வீட்டுக்காரரைக் கூப்பிடும் பெயரைப் போட்டிருக்கிறேன். டைப் அடிக்கிறவர், "அந்த வரிய எடுத்துருங்கம்மா, ஆபீசுல சிரிப்பாங்க" என்றார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று தாளை வாங்கிக்கொண்டு வந்து கையாலேயே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தாங்கள் மெயின்லேண்டிலிருந்து வந்து பொறுப்பேற்று ஒரு மாதம்தான் ஆகிறது. இந்த இரண்டாவது தட்டு எப்படி வந்தது என்று தங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

1. எங்கள் பெற்றோர் சிலோன் தோட்டத்திலிருந்து வந்து கட்சாலில் குடியேற்றப்பட்டவர்கள். நான் கைக்குழந்தையாக வந்தவள். நானும் என் வீட்டுக்காரரும் ரப்பர் பால் வெட்டினோம். அவர் இருபத்தெட்டு வருடம் வெட்டினார். பால் வெட்டுகிறவர் மூன்று மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். வெயில் ஏறினால் பால் ஓடாது. பாலைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்கப் பத்து மணியாகும். அதுவரை வாயில் எதுவும் படாது. வந்து சாப்பிட்டுக் கால் நீட்டினால் அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். அந்தத் தூக்கத்தில் இருப்பவரை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் எழுப்ப மாட்டார்கள். குழந்தை அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போவோம். சண்டை வந்தால்கூட நாலு வீடு தள்ளிப் போய்த்தான் சண்டை போடுவோம். தோட்டத்துப் பெரிய அதிகாரியைத் துரை என்பார்கள். என் வீட்டுக்காரர் படுத்துவிட்டால் அந்தத் துரையே வந்தாலும் எழுப்ப முடியாது. அதனால் அவரையே தொரை என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்தேன். அதுவே நிலைத்துவிட்டது. தோட்ட வேலை நின்ற பிறகும் அவர் உடம்புக்கு அந்த நேரங்கள் விட்டுப்போகவில்லை.

2. சென்ற வருடம் பிப்ரவரியில் அவருக்குக் காலில் புண் வைத்து, சர்க்கரை ஏறிக் கப்பலில் இங்கே அனுப்பினார்கள். ஆண்கள் பொது வார்டில் ஆறாம் கட்டில். காலை ஏழு மணிக்குச் சர்க்கரை ஊசி போடுவார்கள். எட்டு மணிக்கு நாலு ரொட்டித் துண்டும் ஒரு முட்டையும் வரும். ஒரு நோயாளிக்கு ஒரு தட்டு. துணைக்கு இருப்பவருக்குச் சாப்பாடு கிடையாது. அப்போது அதுதான் முறை. முதல் இரண்டு நாள் ஊசி போட்ட சிஸ்டர் நின்று அதட்டியதால் பாதியாவது சாப்பிட்டார். மூன்றாம் நாள் அந்த சிஸ்டர் வேறு வார்டுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் தட்டை என் பக்கம் தள்ளி, "எனக்குப் பசிக்கல ரெங்கு. பால் எடுக்காம எனக்கு என்னிக்குக் காலையில பசிச்சிருக்கு? நீ சாப்பிடு" என்றார். நான் சாப்பிட்டேன் ஐயா. நாலு துண்டும் முட்டையும் நான்தான் சாப்பிட்டேன். இதை மறைத்து மனு எழுத எனக்குத் தெரியவில்லை.

3. பத்து மணிக்கு அவர் தூங்கிவிட்டார். சரியாக வீட்டில் தூங்கும் நேரம். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து கண் மூடாதவர் இப்போதாவது தூங்குகிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சட்டை நனைந்து வேர்த்தது. வார்டு சூடு என்று நினைத்து முந்தானையால் துடைத்துத் துடைத்து விட்டேன். பத்தரை மணிக்கு பிரஷர் பார்க்க ஷோபா சிஸ்டர் வந்தார். நான்தான் வாயில் விரலை வைத்து, "சோனே தோ சிஸ்டர், சோனே தோ" என்றேன். தூங்கட்டும் விடுங்கள் என்று கும்பிட்டேன். அன்று அவர் பார்க்க வேண்டியவர்கள் நாற்பது பேர். தாளில் 'தூங்குகிறார்' என்று எழுதிவிட்டுப் போனார். மத்தியானச் சாப்பாட்டு வண்டி வந்தபோது நான் எழுப்பினேன். அவர் எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் மிஷினில் வைத்திருந்தார்கள். 16.2.2024 அன்று போய்விட்டார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும், அது பார்க்கத் தூக்கம் மாதிரியே இருக்கும் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார்.

நான் யார் மேலும் குற்றம் சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான்.

4. அவரை இங்கேயே அடக்கம் செய்தோம். கட்சாலுக்குக் கப்பல் ஒன்பது நாள் கழித்து என்றார்கள். டாலிகஞ்சில் தூரத்து உறவான சரசு அக்கா வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வார்டு வராந்தாவிலேயே வந்து உட்கார்ந்திருப்பேன். நாலாம் நாள் காலையில் எட்டிப் பார்த்தால், ஆறாம் கட்டிலில் புதிதாக ஒரு வங்காளிப் பெரியவர். அவர் சம்சாரம் அவருடைய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, ஓடிப்போய்க் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிவிட்டேன். "பாகல் ஹை க்யா!", பைத்தியமா நீ என்று அந்தம்மா கத்தினார். வார்டே கூடிவிட்டது. காவலாளி என் தோளைப் பிடித்தார். ஷோபா சிஸ்டர் வந்து அவர் கையை எடுத்துவிட்டு, "விடுங்க. ரெங்கம்மா, என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரிந்த இந்தியில் ஒரு தரம் சொன்னேன். தமிழில் ஒரு தரம் சொன்னேன். முடித்தபோது அந்த வங்காளி அம்மா ரொட்டியைப் பிய்த்துக் கணவர் வாயில் திணித்துக்கொண்டிருந்தார். அதுதான் முதல் பாடம். ஒன்பதாம் நாள் கப்பல் போனது. நான் ஏறவில்லை.

5. அதற்குப் பிறகு ஷோபா சிஸ்டர் முன்பிருந்த கண்காணிப்பாளரிடம் வாய்மொழியாக அனுமதி வாங்கினார். புதிதாகச் சேரும் நர்சுகள், வார்டு ஆயாக்கள், தள்ளுவண்டிக்காரர்கள் எல்லோருக்கும் மருந்துப் பாடத்தை அவர் எடுப்பார். தட்டுப் பாடத்தை நான் எடுப்பேன். நான் சொல்வது மூன்றே விஷயம். ஊசி போட்டவரின் தாளைப் பார்க்கும் முன் தட்டைப் பார். தட்டு காலியாக இருந்தால் தலையணைக்கு அடியிலும் துணைக்கு இருப்பவர் மடியிலும் பார். தூங்குகிறவரை எழுப்பிப் பெயரைச் சொல்ல வை, யார் கும்பிட்டாலும் விடாதே.

மடியில் பார்த்தால் போதாது, மடியில் வைத்திருப்பவருக்கும் பசிக்கும் என்று சரசு அக்கா சொன்னார். அப்படித்தான் இரண்டாவது தட்டு வந்தது. டாலிகஞ்ச் கோயில் பெண்கள் திங்களும் செவ்வாயும், ஹேடோவில் மீன் விற்கிறவர்கள் புதனும் வியாழனும், வங்காளிப் பெண்கள் வெள்ளியும், நிக்கோபாரி சர்ச்சார் சனியும் ஞாயிறும் சமைத்துக் கொண்டுவருகிறார்கள். அரிசி பருப்பு எல்லாம் அவர்களுடையது. வெள்ளிக்கிழமை கிச்சடிக்காகவே சிலருக்கு வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் ஆக மனம் வருவதில்லை. காலை ஒன்பது மணிக்கு வார்டில் வந்து நின்று பாருங்கள் ஐயா. "உட்டோ பாபா, கானா காயா?" என்று ஆயாக்கள் கட்டில் கட்டிலாக எழுப்பி, சாப்பிட்டாச்சா என்று கேட்கும் சத்தம் சந்தை மாதிரி இருக்கும். இந்தப் பத்தொன்பது மாதத்தில் சர்க்கரை இறங்கி மயங்கப்போன பதினேழு பேரை இந்தச் சத்தம் காப்பாற்றியிருக்கிறது. சர்க்கரை இறங்கி ஒருவர்கூடச் சாகவில்லை. ஒருவர்கூட.

6. 9.10.2025 காலை எட்டு மணிக்குப் பார்வையில் கண்ட சுற்றறிக்கையை ஒட்டினார்கள். வெளி உணவு அன்று முதல் கூடாது, கல்வித் தகுதி இல்லாத வெளியாட்கள் பாடம் எடுப்பது நவம்பர் முதல் கூடாது என்று அதில் இருக்கிறது. அன்று ஹேடோ பெண்கள் கொண்டுவந்த கஞ்சிப் பானை கேட்டிலேயே திரும்பிப் போனது. இரண்டாவது தட்டு இல்லாத முதல் காலை அது.

அன்று ஒன்பதாம் கட்டிலில் ஹரிஹரன் என்பவர் இருந்தார். ஹேடோவில் கப்பல் சரக்கு இறக்குகிறவர், எப்போதும் இரவு ஷிப்ட். அவர் பகலில் தூங்கினால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. காலையில் சர்க்கரை ஊசி போட்டுக்கொண்டவர், பத்து மணிக்குத் தூங்கிவிட்டார். உமா மகேஸ்வரி என்று ஒரு பெண், நர்சு வேலைக்கு வந்து பதினைந்தே நாள். தட்டைப் பார்த்தாள். காலி. தலையணைக்கு அடியில் கையை விட்டாள். உரிக்காத முட்டையும் ரொட்டியும் தாளில் சுற்றி இருந்தன. உடனே அவரை உலுக்கினாள். அவர் சம்சாரம் அழகம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ பொண்ணு, கைய எடு! ராவெல்லாம் முழிச்ச மனுசன், இப்பத்தான் கண்ணசந்தாரு. தூங்குறவங்கள இப்படித்தான் உலுக்கச் சொல்லி உனக்குப் படிச்சுக் குடுத்தாங்களா?"

"ஆமா ஆன்ட்டி, அதத்தான் படிச்சுக் குடுத்தாங்க. நீங்க திட்டிக்கிட்டே அவரு கன்னத்துல தட்டுங்க" என்றாள் உமா.

விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை முப்பத்தெட்டு. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, தலையணைக்கு அடியில் துழாவி, "அழகு, உனக்கு வச்ச முட்டை எங்க?" என்று கேட்டார். "முட்டையாம் முட்டை! செத்துப் பொழைச்ச ஆளு கேக்குற கேள்வியப் பாரு!" என்று அவர் தோளில் ஓர் அடி போட்டுவிட்டு அழகம்மா அழுதார். வார்டு மொத்தமும் சிரித்தது. அவர் சாப்பிட்டு முடித்ததும் ஷோபா சிஸ்டர் தாளில் எழுதும்போது எட்டிப் பார்த்தேன். 'எழுந்து சாப்பிட்டார்' என்று இருந்தது. ஐயா, நான் ஜெயித்தது அந்த நிமிடம். இனி யாரும் அதை என்னிடமிருந்து எடுக்க முடியாது.

7. ஆனால் இரண்டாவது தட்டு வந்திருந்தால் அவர் முட்டையை ஒளித்திருக்கவே மாட்டார். அதைத்தான் தாங்கள் யோசிக்க வேண்டும். பாடம் அவரைக் காப்பாற்றியது. அடுத்த மாதம் பாடமும் நின்றுவிட்டால் அடுத்து வரும் உமாவுக்கு யார் சொல்வார்கள்? நோயாளிக்கு வரும் தட்டைத் துணையிருப்பவர் சாப்பிடக் கூடாது என்று பலகை எழுதி மாட்டலாம். பசித்த மனைவியைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடும் ஆள் எங்கள் தீவுகளில் இல்லை.

தகுதி பற்றி. ஆபீசில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லேன்னு எழுதுங்க" என்றார் எழுத்தர். நான் அப்படி எழுதவில்லை. 'எழுப்ப விடாமல் தடுத்தவள்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பாடத்துக்கு அதைவிடப் பெரிய படிப்பு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

8. ஆகவே தங்களிடம் கேட்பது: வெளி உணவில் சுத்தம் பற்றிய கவலை நியாயம்தான். சமைக்கும் இடங்களை வந்து பாருங்கள், எந்த நிபந்தனை போட்டாலும் கேட்கிறோம். இரண்டாவது தட்டை எழுத்து மூலமாக அனுமதிக்க வேண்டும். வாய்மொழியாக இருந்ததால்தான் ஒரு தாள் வந்ததும் போய்விட்டது. தட்டுப் பாடத்தைப் பயிற்சிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அடுத்த வருடம் ஷோபா சிஸ்டர் ஓய்வு பெறுகிறார், நானும் என்றும் இருக்க மாட்டேன். கட்சாலிலும் மற்றத் தீவுகளிலும் உள்ள ஆஸ்பத்திரிப் பணியாளர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கப்பலில் இடம் மட்டும் கொடுங்கள், நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். எனக்குச் சம்பளமோ சால்வையோ வேண்டாம். கேட்டில் நிற்கும் பானையை உள்ளே விடச் சொன்னால் போதும்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. கேட் வரை கிச்சடி வரும். தாங்களும் ஒரு தட்டு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு உத்தரவு போடும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: போர்ட் பிளேர்
நாள்: 16.10.2025

தங்கள் பதிலுக்கு வார்டு வராந்தாவில் காத்திருக்கும்,
உ. ரெங்கம்மா

தொரே, ஆபீசு கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிட்டேன். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு. அன்னிக்கு நெசமாவே உங்களுக்குப் பசிக்கலையா?