வீட்டுக்குப் பெரியவர்

தாராவி,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய பெரிய அத்தான் கணேசபாண்டியன் அவர்களுக்கு, உங்கள் தம்பி வேல்ராஜ் மனைவி பூமாரி எழுதுவது. இங்கே உங்கள் தம்பியும் மகள் செண்பகவல்லியும் சுகம். அங்கே அக்காவுக்குக் கால்வலி தேவலையா? நாலு நாளாகப் போன் அடிக்கிறோம், நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் ஊருக்கு வருகிற செல்லப்பாண்டியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அத்தான், நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். புது பில்டிங் கட்டுவதற்காக நம் சந்தில் சர்வே எடுக்க ஒரு பெண் வந்தாள். நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு முக்கியா யார், பெரியவர் யார் என்று இந்தியில் கேட்டாள். கல்யாணப் பத்திரிகையானாலும் அம்மன் கோயில் கொடை விழா நோட்டீஸானாலும் நம் குடும்பத்தில் மூத்தவர் பேர்தானே முதலில் வரும்? வாய் உங்கள் பேரையே சொல்லிவிட்டது. கீழ் வீட்டை வாய்ச்சொல்லாகத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் ஊரோடு போய்ப் பதினோரு வருஷம் ஆனது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கீழே சமையல், மேலே படுக்கை என்பதால் எங்களை மாடிக் குடித்தனமாக எழுதிவிட்டாள்.

போன வாரம் லிஸ்ட் ஒட்டினார்கள். கீழ் வீடு உங்கள் பேரில் இருக்கிறது. கீழே இருப்பவர்களுக்கு இங்கேயே வீடாம், மாடிக்காரர்களுக்கு எங்கோ தூரத்தில் வாடகை வீடாம். எனக்குக் கை கால் ஓடவில்லை. விடியும்போதே மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் இட்லிக் கூடையை இறக்குகிறவள் நான். அவ்வளவு தூரத்திலிருந்து எந்த ரயிலில் தூக்கி வருவேன்? பிள்ளை வேறு பத்தாவது படிக்கிறாள்.

மக்களைக் கலந்துதான் எல்லாம் செய்கிறோம் என்று மீட்டிங்கில் ஆபீசர் மைக்கில் பேசினார். எழுந்து கேட்டேன். லிஸ்டில் பேர் உள்ளவரே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் மாற்றலாம், இருபத்தைந்தாம் தேதி கடைசி என்றார். கமிட்டியில் இருக்கிற முப்பிடாதியம்மாள், ஏ பூமாரி, போன நம்பிட்டு இருக்காத, ஆளக் கூட்டிட்டு வா என்று என்னைத் திட்டினாள்.

உங்கள் தம்பி சிரிக்கிறார். எங்க அண்ணன் பேருல இருந்தா லாக்கர்ல வச்ச மாதிரில்லா, நீ ஏன் கெடந்து பதறுத என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று மதியம் வீடு விற்றுக் கொடுக்கிற ஏஜெண்ட் ஒருவன் வந்தான். கீழ் வீட்டை டேப் வைத்து அளந்தான், போட்டோ எடுத்தான். கணேசபாண்டியன் சேட் அனுப்பினார் என்றான். உங்கள் ஊர்ப்பேரையும் சரியாகச் சொன்னான். நான் டீ போட்டுக் கொடுத்தேன். வேறு யாரோ கணேசபாண்டியனாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அத்தான்.

இதை உங்கள் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டார். நீங்கள் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் சொல்ல வேண்டியே வராது.

இந்த வருஷக் கொடை நோட்டீஸ் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அதிலும் உங்கள் பேர்தான் முதலில்.

உங்கள் காலில் விழுந்து கும்பிடும்,
பூமாரி