அக்கா திறந்த பக்கம்

மார்ச் 3, திங்கள்

பரிசோதனை முடிவை இணையத்தில் பார்க்கப் போன ஒரு பெண்மணிக்கு வேறு யாருடைய முடிவோ வந்திருக்கிறது. ஒரே ஒரு முறை. "கண்ணாடி போடாம பாத்திருப்பாங்க" என்றார் எங்கள் லேப் மேனேஜர். கண்ணாடி போடாவிட்டால் எழுத்து மங்கும். ஆளே மாறுமா?

மார்ச் 4

லேபின் சர்வர்கள் என் பொறுப்பு; ப்ராக்ஸி சர்வரைக் குடைகிறேன். லேபின் மெயின் சர்வருக்கு முன்னால் நிற்பது அது. லோகோ, படம் போன்ற பொதுவான சாமான்களை மட்டும் ஒரு நிமிடம் நகல் வைத்திருந்து, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கும். தனிப்பட்ட முடிவை ஏன் வைத்துக்கொண்டது?

மார்ச் 5

பிடித்துவிட்டேன்! போன வாரம் நோயாளிகள் எல்லோருக்கும் போன மெயிலில், முடிவைப் பார்க்கும் இணைப்பின் வாலில் லோகோவின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. மெயின் சர்வர் வாலைக் கண்டுகொள்ளாமல் முடிவைத் தருகிறது. ப்ராக்ஸியோ வாலை மட்டும் பார்த்துப் படம் என்று நம்பி நகலெடுக்கிறது. அந்த நிமிடத்தில் யார் திறந்தாலும் அதே பக்கம், கடவுச்சொல்லே வேண்டாம். பழைய பதிப்பின் ஓட்டை. புதுப்பிப்பு வந்து ஐந்து மாதம். ஓடுகிற சர்வரைத் தொடுவானேன் என்று தள்ளிப்போட்டது யார்? நான்தான்.

மார்ச் 6

மேனேஜருக்கு நிரூபணம் வேண்டுமாம். எனக்கு லேபின் தளத்தில் நோயாளிக் கணக்கில்லை. அக்கா வருடாவருடம் எங்கள் லேபில்தான் செக்கப் செய்துகொள்பவள். சர்க்கரை, கொழுப்பு, வேறென்ன இருக்கப்போகிறது? வால் ஒட்டிய இணைப்பை அனுப்பினேன்.

"திறந்துட்டேன். எதுக்குடி?"

உடனே என் கணினியில் திறந்தேன். வந்தது! எழுந்து நின்று கைதட்டினேன். அப்புறம்தான் படித்தேன்.

மார்பில் கட்டி. சந்தேகத்துக்குரியது, திசுப் பரிசோதனை தேவை. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

ஏன் சொல்லலை? என்கிட்டகூடவா?

மார்ச் 7

அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டவில்லை. வெற்றுக் கணக்கு ஒன்றை உண்டாக்கி மேனேஜருக்குக் காட்டினேன். புதுப்பிப்பு ஏறிவிட்டது. தாமதம் என்னுடையது என்றும் எழுதிக் கொடுத்தேன். அக்காவிடம்தான் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 8

சொல்லிவிட்டேன்.

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனோ என்னமோ. நீ கேக்கலயே."

"தப்புதான்க்கா."

"தப்புதான். செவ்வாய்க்கிழமை பயாப்ஸி. கூட வா."

மார்ச் 18

முடிவு வந்தது. அக்கா தன் கடவுச்சொல்லை அடித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். "நீயே படி."

புற்றுதான். ஆரம்பக் கட்டம்.

யார் யாரிடம் சொல்லலாம் என்று ஒரு பட்டியல் போடச் சொன்னாள். பட்டியலில் ஐந்து பெயர்கள் தேறின. அம்மாவைக் கடைசியில் எழுதச் சொன்னாள். எழுதினேன்.