நீதிபதிகள் விலகிய வழக்கும் உன் கல்யாணமும்

அன்பு மகன் தொமாசிக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆக்லாந்துக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது. போனில் சொன்னால் நீயும் கத்துவாய் நானும் கத்துவேன், அதனால் நாளை விமானம் ஏறும் உன் அத்தை சியேனியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நம் வீட்டு மனையும் அதிலுள்ள அப்பா கல்லறையும் தனக்குத்தான் சேரும் என்று வழக்குப் போட்டானே உன் ஒன்றுவிட்ட சித்தப்பா பெட்டேலோ, முதல் நாள் கோர்ட்டில் மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தான். நீதிபதி ஃபெரெட்டி உள்ளே வந்ததும் காரணம் புரிந்தது. பெட்டேலோவின் அம்மா செத்தபோது இவர் சாவுக்கு உறவுக்காரர்கள் கொடுக்கும் சீர்ப்பாய் கொண்டுவந்தார், அதை விரித்துக் காட்டி, ஃபெரெட்டி வீட்டுப் பாய், செத்தவளுக்குத் தம்பி முறை என்று ஊர் கேட்கக் கூவினார்கள், நான் அங்கேதான் சேம்பு உரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றேன். ஐயா, நீங்க நேர்மையானவரான்னு நான் கேக்கல, சாவு வீட்டுல தம்பின்னு பாய் கொடுத்துட்டு இங்க வந்து தீர்ப்புச் சொன்னா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க என்றேன். எத்தனையோ சாவுக்குப் போறேன், ஞாபகம் இல்லையேம்மா என்றார். உங்களுக்கு இல்லாட்டி என்ன, பாய் பெட்டேலோ மெத்தைக்கு அடியில பத்திரமா இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்லவா என்றேன். கூடமே சிரித்தது. மதியத்துக்குள் அவர் விலகிவிட்டார். பெட்டேலோவின் மூஞ்சியை நீ பார்த்திருக்க வேண்டும், எனக்கு மூன்று நாள் பசியே எடுக்கவில்லை, அவ்வளவு நிறைவு.

அடுத்து யாரைப் போட்டார்கள் தெரியுமா, வில்லியாமுவை. உன் மசினாவின் அப்பாவைத்தான். உங்கள் விஷயம் அவருக்கு அப்போது தெரியாது. உன்னிடம் மறைப்பானேன், பத்து நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், நமக்கு நல்லதுதானே என்று. ஞாயிறு கோயில் வாசலில் பெட்டேலோ பெண்டாட்டி பல்லைக் காட்டிக்கொண்டு வந்தாள். ஆக்லாந்துல உன் மகன் ஒருத்தி கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனானாமே, எங்க பொண்ணு பாத்தாளாம், அவ யாருன்னு கோர்ட்டுல எல்லாருக்கும் சொல்றோம் என்றாள். நான் செய்ததை எனக்கே செய்யப் பார்க்கிறார்கள். விடுவேனா. திங்கள் காலை முதல் பேருந்தில் போய், என் மகனும் நீதிபதி மகளும் கல்யாணம் செய்யப் போகிறார்கள், அவர் விலக வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். என் நேர்மையைப் போதகர் மெச்சுகிறார். நேர்மையாவது மண்ணாவது, அந்தச் சந்தோஷம் பெட்டேலோவுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவரும் விலகிவிட்டார், இனி வேறு தீவிலிருந்து நீதிபதி வர ஒரு வருஷம் ஆகுமாம். மனை போய்விடுமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதனால் டிசம்பரில் வந்து, மனை நம் கையில் இருக்கும்போதே அப்பா கல்லறை முன்னால் கல்யாணத்தை முடி. பெட்டேலோவை முதல் வரிசையில் உட்கார வைத்து நானே பரிமாறுகிறேன்.

கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய். என் மனுவைப் படித்த வில்லியாமு அறையை விட்டு வெளியே வந்து உன் போன் நம்பரைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். முதல் மணியிலேயே எடுத்து, மரியாதையாகப் பேசு.

உன் அம்மா,
தெலேசியா