குபா பள்ளியில் பெண்கள் வாசல்

என் பரக்கத்து,

உன்மீது ஸலாம் உண்டாகட்டும். உம்ரா பயணம் முடிந்து நான் மயிலாப்பூர் திரும்பி இன்றோடு பன்னிரண்டு நாள். கச்சேரி ரோட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு துஆ செஞ்சீங்களா பாய்?" என்று கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்புகிறேன். நடந்ததை முழுதாகச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மக்காவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் குபா. நபிகள் மக்காவை விட்டு மதீனாவுக்கு வந்தபோது கட்டிய முதல் பள்ளிவாசல். நமக்கென்று ஒரு பிள்ளை இல்லாத வீட்டில், சாயங்காலம் குர்ஆன் ஓத வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! "நபியே கல்லு சுமந்தாங்க. நம்ம வூட்டு பாய் ஒரு தண்ணி கேனைத் தூக்கினு மாடி ஏற மாட்டேன்றாரு" என்பாய். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

உம்ராவுக்கு என்று மூன்று தடவை நீ பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தாய். மூன்று தடவையும், ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது என்று தட்டிக்கழித்தேன். லேத்தைப் பதினைந்து நாள் நிறுத்தியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? போன வருஷம் நீ என்னை விட்டுப் போனபோது நாற்பது நாள் பட்டறையைப் பூட்டிப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் குழுவில் எல்லோரும் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். நான் ஒருத்தன்தான் ஒற்றை. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் அவரவர் பையை வைத்தார்கள். காலியாகக் கிடப்பதற்கு அதுவே பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

குபாவுக்கு ஒரு சனிக்கிழமை காலையில் கூட்டிப்போனார்கள். வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. உள்ளே போய் இரண்டு ரக்அத் தொழுதேன். வெளியே வந்ததும் ஆண்கள் எல்லாம் பெண்கள் வாசலுக்கு எதிரே போய் நின்றார்கள், மனைவிமாரைக் கூட்டிக்கொண்டு போக. நானும் போய் நின்றேன், பரக்கத்து. யோசிக்கவே இல்லை. கல்யாண மண்டபத்திலும் ஆஸ்பத்திரியிலும் முப்பத்தோரு வருஷம் உனக்காக அப்படி நின்ற கால் அல்லவா?

ஒவ்வொரு ஜோடியாகக் கிளம்பிப் போனது. கடைசியாக எங்கள் குழுவில் வந்த தேனாம்பேட்டை மும்தாஜக்கா வெளியே வந்தார். அவருடைய கணவர் காசிம் பாய் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"இன்னா பாய், யாருக்கோசரம் நின்னுக்கினு கீறீங்க?" என்று அக்கா கேட்டார்.

"என் வீட்டுக்காரிக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அக்கா என்னையே பார்த்தார். "அவங்க வர்லியே பாய்?"

"இல்லக்கா. மவுத்தாயி, அடக்கம் பண்ணி ஒரு வருஷம் ஆச்சி. நான்தான் கூட்டியார்ல."

"பேரு இன்னா?"

"பரக்கத் நிஷா."

அக்கா மறுபடி உள்ளே திரும்பினார். "பஸ் போயிடும்மே!" என்று காசிம் பாய் கத்தினார். "போனா போவட்டும், ஆட்டோ புடிச்சினு வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். மதீனாவில் ஆட்டோ ஏது? காசிம் பாய் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவரும் என்னோடேயே நின்றார்.

கால்மணி நேரம் கழித்து அக்கா வந்தார். "உங்க பரக்கத்துக்கு கேக்க வேண்டியதெல்லாம் அல்லா கிட்ட கேட்டுட்டேன் பாய்."

"உள்ள எப்படிக்கா கீது?" என்று கேட்டேன். அந்த வாசலுக்கு உள்ளே நான் போக முடியாதே.

"ஜில்லுனு கீது. எந்தெந்த ஊர் பொம்பளைங்களோ! பாஷை தெரியாத ஒரு அம்மா நகந்து எனக்கு எடம் வுட்டாங்க. ஒரு கொழந்தை என் முக்காட்டைப் புடிச்சி இழுத்துக்கினே இருந்திச்சி."

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ பார்த்திருக்க வேண்டியதை இன்னொருத்தர் வாயால் கேட்டுக்கொண்டு வந்தேன். பஸ் காத்திருந்தது. அக்கா என் பக்கத்து சீட்டிலிருந்த பைகளை எடுத்துவிட்டு காசிம் பாயை அங்கே உட்காரச் சொன்னார். அறை வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி அழுதேன். என்னை நீ மன்னித்தாயா, பரக்கத்து? யாரிடம் போய் இதைக் கேட்பது?

ஊர் திரும்பிய பிறகு அக்கா இரண்டு தடவை போன் செய்து சாப்பிடக் கூப்பிட்டார். பட்டறையில் வேலை என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, உன்னிடம் சொன்ன அதே பொய். இந்த ஞாயிறு போகிறேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. சாப்பிட்டு, சிரித்துப் பேசிவிட்டு வருவேன். அப்புறம் நானே வீட்டுப் பூட்டைத் திறந்து, நானே விளக்கைப் போட வேண்டும். அதையும் பழகிக்கொள்கிறேன்.

உன் மச்சான்,
இஸ்மாயில்